சன்னலுக்கு ஆர்கன் வேண்டுமா?

கனடாவின் மொன்றியல் நகரில் சனவரி மாதம் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 10 பாகை செல்சியஸ் வரை இறங்குவது வழக்கம். வீட்டுக்குள்ளோ 20 பாகை. அங்கே இரட்டைக் கண்ணாடிச் சன்னல் ஆடம்பரம் அன்று. இரு கண்ணாடிகளுக்கும் இடையில் அடைபட்ட காற்று, வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கிறது. காற்றுக்குப் பதில் ஆர்கன் வாயுவை நிரப்பினால் பயன் கூடும். ஆர்கன் வெப்பத்தைக் கடத்தும் திறன், காற்றின் திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பல மாதங்கள் வீட்டைச் சூடேற்றும் குடும்பத்திற்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நிலைமை வேறு. நண்பகலில் வெளியே 32 பாகை, குளிரூட்டிய அறையில் 25 பாகை. வேறுபாடு வெறும் 7. இங்கே அறையைச் சூடாக்குவது பெரும்பாலும் கண்ணாடியை ஊடுருவி வரும் வெயில். அதை ஆர்கனும் தடுக்காது, காற்றும் தடுக்காது. அப்படியிருக்க, மேற்குப் பார்த்த வீட்டுக்காரர் "வாயு நிரப்பியது" என்று விற்பனையாளர் சொன்னதுமே பணத்தை எடுத்து நீட்டுவது அவசரம். அந்தப் பணத்தைச் சன்னலுக்கு வெளியே ஒரு வெயில் மறைப்புக்குச் செலவிடலாம். அடுக்குமாடியில் அதற்கு அனுமதி இல்லையென்றால், வெயிலின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள கண்ணாடியைக் கேட்டு வாங்கலாம். சாலை இரைச்சலுக்காக இரட்டைக் கண்ணாடி பொருத்துவோரும் உண்டு. அவர்களுக்குக் காற்று நிரப்பியதே போதும். சட்டத்தின் ஓரங்களில் இடைவெளி இல்லாமல் பொருத்தியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் முக்கியம்.