கரைப்பானும் தேச நலமும்

மருந்து வாங்குகிறவர் விலையைக் கேட்கிறார்; அது எந்தத் திரவத்தில் கரைந்து உருவாயிற்று என்று கேட்பதில்லை. இனிக் கேட்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

மருந்துத் தொழிற்சாலைகளில் உபயோகமாகும் வஸ்துக்களின் எடையில் பாதிக்கு மேற்பட்டது கரைப்பான் திரவமே. ரஸாயனக் கிரியை நடக்க இடங்கொடுப்பதே அதன் வேலை. மருந்தோடு அது சேர்வதில்லை. மீட்டெடுக்காவிட்டால் ஆவியாகவோ கழிவாகவோ வெளியேறுகிறது. ஆவியைச் சுவாசிப்பவர் தொழிலாளி. கழிவை அனுபவிப்பவர் ஆற்றோரத்துக் குடியானவர். லாபம் ஒருவருக்கு, விஷம் மற்றொருவருக்கு என்னும் ஏற்பாட்டை எந்த நியாயம் ஒப்பும்?

வேறு வழியில்லை என்பது முதலாளிகளின் பழைய சமாதானம். அது பொருந்தாதென்பதற்கு இரண்டு திருஷ்டாந்தங்கள் போதும். ஜெர்மனியில் ஓபர்ஹௌஸன் நகரில் 1984-ல் புரொப்பிலீன் வாயுவிலிருந்து பியூட்டிரால்டிஹைடு செய்யத் தொடங்கிய ஆலையில் கரைப்பான் தண்ணீரே. விலையுயர்ந்த ரோடியம் வினையூக்கியை நீரில் கரையும்படி அமைத்தார்கள். விளைபொருள் எண்ணெய்போல் மேலே பிரிந்து நின்றது. ரோடியம் நீரிலேயே தங்கி மறுபடி வேலைக்கு வந்தது.

மற்றொன்று, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஸெர்ட்ராலின். இதைச் செய்வதில் பைஸர் கம்பெனி மெதிலீன் குளோரைடு முதலிய நான்கு கரைப்பான்களைத் தள்ளி எத்தனால் ஒன்றையே வைத்துக்கொண்டது. மேலும் திறமையான பல்லேடியம் வினையூக்கியையும் தேர்ந்தது. கரைப்பானின் தேவை பத்தில் ஒரு பங்காயிற்று, விளைச்சல் இரட்டித்தது. 2002-ல் அமெரிக்க சர்க்கார் இதற்குப் பரிசளித்தது.

ஆயினும் பெயரைக் கண்டு மயங்கலாகாது. எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்கள் பல தண்ணீரில் கரையா. அசுத்தமான நீரைச் சுத்தம் செய்யவும் செலவுண்டு. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு திரவம் சாதுவாகிவிடாது. காய்ச்சி வடிக்க எவ்வளவு எரிபொருள், எத்தனை முறை மீட்கலாம், வினையூக்கி எவ்வளவு காலம் உழைக்கும் என்று முழுக்கணக்கும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

ஐரோப்பா 2023-ல் டைமெதில்பார்மமைடுக்குக் கடும் வரம்பு வைத்தது. மெதிலீன் குளோரைடின் பெரும்பாலான உபயோகங்களை அமெரிக்கா 2024-ல் தடுத்தது. உலகுக்கு மலிவாக மருந்தளிக்கும் நமது தேசம், பிறர் ஒதுக்கும் விஷங்களுக்குப் புகலிடமாவதா?

ஒவ்வொரு ஆலையும் வாங்கிய கரைப்பான் எவ்வளவு, மீட்டது எவ்வளவு, காணாமற்போனது எவ்வளவு என்று வருஷந்தோறும் பகிரங்கப்படுத்தும்படி சர்க்கார் சட்டம் செய்யவேண்டும். காணாமற்போனது எங்கும் போய்விடவில்லை. நமது கிணறுகளிலும் தொழிலாளரின் மூச்சிலுமே இருக்கிறது.