இரத்தம் கக்குமுன்

“வலியே இல்லை, சாமி; சேலத்திற்குப் போய் எதற்கு எண்டோஸ்கோப்பி?” என்று நாமகிரிப்பேட்டையில் ஈரல் சுருங்கிய அன்பர் ஒருவர் நம்மிடம் வினவினார். வலியின்மையே இங்கு ஆபத்து. இறுகிய ஈரலுள் புகவியலாத இரத்தம் தேங்கி, இரைப்பை நாளங்களைப் புடைக்கச் செய்கிறது. வெடித்தால் உயிருக்கே மோசம். தில்லி பந்த் மருத்துவமனை மருத்துவர்கள், அத்தகைய பெரும் புடைப்பிருந்தும் அதுவரை இரத்தம் போகாத 89 பேரை ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சையின்றி இருந்தோரில் நூற்றுக்கு 45 பேருக்கு, ஏறத்தாழ 26 மாதங்களில் இரத்தம் போயிற்று. நாளத்தின் அழுத்தம் தணிக்கும் மாத்திரை உண்டோரில் 28. நாளத்துள் பசை மருந்து செலுத்தப் பெற்றோரில் 13. எவருக்கு எது என்பதை மருத்துவரே உரைப்பார்.

பிறகுதான் அன்பர் உண்மையைச் சொன்னார்: ஊரார் குடிகாரன் என்பார்களாம். மஞ்சட்காமாலைக் கிருமியாலும் ஈரல் சுருங்குமே! சென்ற மாதம் மகனுடன் சேலத்திற்குப் பேருந்து ஏறினார்.