பெயர் மங்கிய கல்லறைகள்



நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதம். அதன் இரண்டாம் நாளன்று நம் கல்லறைத் தோட்டங்கள் கொள்ளும் கோலத்தை நீங்கள் அறிவீர்கள். வெள்ளை பூசிய கல்லறைகள், சாமந்தி மாலைகள், காற்றில் தடுமாறும் மெழுகுதிரிச் சுடர்கள். அவற்றினிடையே குருவானவர் தீர்த்தம் தெளித்துச் செல்கிறார். ஆனால் எருக்கும் முட்செடியும் மண்டிய வேலியோர மூலைக்கு எவரும் போவதில்லை. அங்கே துயில்வோரும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. அவர்களுக்குத் திரி ஏற்ற உறவினர் இல்லை, வேறுபாடு அவ்வளவே.

நமது குறை ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பங்குப் பேரவையில், அந்த மூலையைச் சமப்படுத்தினால் புதிய குழிகளுக்கு இடம் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. நாமும் தலையசைத்துவிட்டோம். இடநெருக்கடி பொய்யன்று. ஆயினும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, “சாமி, மண்ணைத் தள்ளுமுன் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்றாவது பார்த்துவிடலாமே” என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும், அவரும் இளைஞர் சிலரும் அரிவாளும் மண்வெட்டியுமாகச் சென்றனர். ஞாயிறுதோறும் வேலை தொடர்ந்தது. புதர் விலக, சிலுவை சாய்ந்த சிறு மேடுகள் தெரிந்தன. எழுத்துள்ள கற்கள் சிலவே. எனவே பங்கின் பழைய இறப்புப் பதிவேட்டைப் புரட்டினோம். 1918-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களுக்கு வந்ததும் நமது கை நின்றுவிட்டது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன விஷக்காய்ச்சலின் காலம் அது. ஒரே வீட்டில் தாய். மூன்றாம் நாள் அவளுடைய கைக்குழந்தை. இவர்களுக்கெல்லாம் இன்று நம் பங்கில் உறவு சொல்ல ஒருவருமில்லை. நாம் சமப்படுத்த இருந்தது இவர்களைத்தான்!

அந்த முடிவைக் கைவிட்டோம். பதிலாக, குடும்பக் கல்லறை உள்ளவர்கள் அதையே மீண்டும் திறந்து பயன்படுத்த வேண்டினோம். பலர் உடன்பட்டனர், சிலருக்கு நம்மீது இன்னும் வருத்தமுண்டு. அதையும் ஏற்றுக்கொள்கிறோம்.

உறவில்லாதாரின் கல்லறையைக் காப்பது புதுமையன்று. கொல்கத்தாவில் 1767-இல் திறக்கப்பட்ட சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறையில் அடக்கங்கள் நின்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. கோபுரம்போல் எழுந்த அந்தச் சமாதிகளுக்கு உரியோர் கடல் கடந்து போய்விட்டனர். 1784-இல் ஆசியக் கழகத்தை நிறுவிய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் அங்கே துயில்கிறார். 1831-இல் 22 வயதிலேயே வாந்திபேதிக்கு இரையான ஆசிரியரும் கவிஞருமான டெரோசியோவும் அங்கேதான். காடாகிக் கிடந்த அவ்விடத்தைக் காக்க 1978-இல் அந்நகரத்தார் சிலர் ஒரு சங்கம் அமைத்தனர். புதர் நீக்கினர், இடிந்தவற்றைச் சீர்செய்தனர். தம் இனத்தாரா, தம் சபையாரா என்று அவர்கள் கேட்கவில்லை.

மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று எனத் திருச்சபை கற்பிக்கிறது. நினிவே நகரில் சிறையிருந்த தோபித்து, மதிற்புறத்தே எறியப்பட்ட தன் இனத்தாரின் உடல்களை மறைவாக எடுத்து அடக்கினார். அதற்காகத் தம் சொத்தனைத்தும் இழந்தார். அவர்கள் அவருடைய வீட்டாரல்லர். நம் தந்தைக்கு நாம் திரி ஏற்றுவது கடமை. யாருமற்றவருக்கு ஏற்றுவதே இரக்கம்.

இப்பணிக்கு முன்வருவோருக்குச் சில குறிப்புகள். விரிசலில் முளைத்த ஆல், அரசு கன்றுகளை வளரவிடாதீர்கள். வேர் பருத்துவிட்டால் பிடுங்காமல் வெட்டிவிடுங்கள், இழுத்தால் சுவரே பெயர்ந்து வரும். பழைய சுண்ணாம்புக் காரைமீது சிமெண்டு பூசாதீர்கள். உள்ளே ஈரம் தங்கிக் கட்டடத்தை அரிக்கும். சலவைக்கல்லுக்கு அமிலம் வேண்டாம். தண்ணீரும் மென்மையான துடைப்பமும் போதும். எல்லாவற்றிற்கும் முன்னதாக, எழுத்து அழியுமுன் பெயர்களைப் படியெடுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டு வையுங்கள்.

நவம்பர் முதல் நாள் தொடங்கி எட்டாம் நாள் வரை கல்லறைத் தோட்டம் சென்று மரித்தோருக்காகச் செபிப்போர், பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் பெற்று, திருத்தந்தையின் கருத்துக்காகவும் வேண்டிக்கொண்டால், உத்தரிக்கிற ஆன்மாக்களுக்குப் பரிபூரண பலனை ஒப்புக்கொடுக்கலாம். இவ்வாண்டு உங்கள் வீட்டுக் கல்லறைக்கு வாங்கும் திரிகளோடு இன்னுமொரு திரி சேர்த்து வாங்குங்கள். பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்து, வேலியோர மூலைக்கு அழைத்துச் செல்லுங்கள். “இது யார்?” என்று அவர்கள் கேட்பார்கள். “நம்மவர்” என்று சொல்லுங்கள்.

நித்திய இளைப்பாற்றியை ஆண்டவர் அவர்கள் அனைவருக்கும் அருள்வாராக.