கேட்கும் பெட்டி போதாது, பேசத் தெரிந்த ஆள் வேண்டும்

போன மாதம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், கையில என்ன வாக்கி டாக்கியா? எனக்கும் ஒண்ணு வாங்கணும்" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை, மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது வாக்கி டாக்கி இல்லை, ரேடியோ ஸ்கேனர். அதில் பேச முடியாது. அலைவரிசை விட்டு அலைவரிசை தானாகத் தாவிக்கொண்டே போகும், எங்கே பேச்சு அகப்படுகிறதோ அங்கே நின்றுகொள்ளும். அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் லீவுக்கு வந்தபோது ஆசையாகக் கொடுத்தான். நான் வகுப்பில் ஓயாமல் இலங்கை வானொலியைப் பற்றிப் பேசுவேனே, அது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

அன்றைக்கு ராத்திரியே மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். முதலில் உஸ்ஸென்ற இரைச்சல். ஸ்கெல்ச் என்று ஒரு திருகு உண்டு. அதை அளவாக வைத்தால் இரைச்சல் அடங்கி, பேச்சு வரும்போது மட்டும் சத்தம் வரும். கூடுதலாகத் திருகினால் தூரத்துக் குரலும் சேர்ந்து அமுங்கிவிடும். அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு இரண்டு ஆண் குரல்கள் கேட்டன. என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன். நான் கேட்பது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த வீட்டு ஜன்னலோரம் நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. ஆனாலும் பத்து நிமிஷம் கேட்டேன், அதையும் மறைக்கவில்லை.

மதுரையில் இருக்கும் என் அண்ணன் மகன் ஹாம் ரேடியோ லைசன்ஸ் வைத்திருக்கிறான். அவனிடம் பெருமையாகச் சொன்னேன். "அத்தை, முதல்ல அதை அணைச்சு வைங்க" என்றான். நம் நாட்டில் இப்படிப்பட்ட கருவியை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே தப்பு. 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி கேட்கிறது. மாணவன் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியை அவனிடமே கொடுத்துவிட்டேன். இங்கே போட்ட படத்தையும் எடுத்துவிட்டேன்.

கேட்பதற்கு எதற்கு லைசன்ஸ் என்று தோன்றும். எங்கள் காலத்தில் வீட்டு ரேடியோவுக்கே லைசன்ஸ் உண்டு. அப்பா ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருஷா வருஷம் தபால் ஆபீஸுக்குப் போவார். 1980-களில் அது ஒழிந்தது. திருநெல்வேலி வானொலி நிலையம் ஊருக்கே ஒலிபரப்புகிறது, அதை யாரும் கேட்கலாம். இரண்டு பேர் வேலை நிமித்தம் பேசிக்கொள்வது அப்படியா? இந்த விஷயத்தில் சட்டத்தின் பக்கம்தான் நான்.

ஆனால் என் கொழுந்தனார் ஒரு கேள்வி கேட்டார்: "வெள்ளம் கிள்ளம் வந்தா உதவும்ல மதினி?" நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கு மறக்கும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அந்தப் பக்கம்தான் என் தங்கச்சி வீடு. மூன்று நாள் போன் போகவில்லை. சாப்பாடு இறங்காமல் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என் கையில் ஸ்கேனர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன். அவள் ஊரில் பேசத் தெரிந்த ஓர் ஆள், இங்கே பதில் சொல்லத் தெரிந்த ஓர் ஆள், இரண்டு பேரிடமும் லைசன்ஸ். இது இருந்தால்தான் சேதி வரும்.

அப்படி நடந்தும் இருக்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோ அம்மா, அனுமதி வாங்கிக்கொண்டு தன் குழுவோடு போர்ட் பிளேரிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி சுனாமி வந்து அந்தமானில் தொடர்பெல்லாம் அறுந்தது. அந்தக் குழு ரேடியோவை வைத்தே நாள்கணக்கில் சேதி கடத்தியது. போனவர்கள் பொழுதுபோக்குக்குத்தான் போயிருந்தார்கள். கை பழகியிருந்ததால் அன்றைக்கு உதவியது.

நம்ம குற்றாலத்துக்கு வாருங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி, 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். மேலே மழை கொட்டும், கீழே குளிப்பவர்களுக்கு அது தெரியாது. எச்சரிப்பது அரசாங்கத்தின் வேலைதான், ஹாம் ஆட்கள் அதற்கு மாற்று இல்லை. ஆனால் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று ஊருக்கு நாலு பேர் பழகியவர்களாக இருந்தால், போன் செத்த நாளில் அதிகாரிகளுக்குத் துணையாக நிற்கலாமே.

பரீட்சை ஒன்றும் மலை இல்லை. 12 வயது ஆனால் எழுதலாம். ரேடியோ பாடம் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. தொடக்க நிலை லைசன்ஸுக்கு மோர்ஸ் சங்கேதம் வேண்டாம். அதை விட்டுவிட்டு ஆன்லைனில் கிடைத்த வாக்கி டாக்கியை வாங்காதீர்கள். அப்படி முறையில்லாமல் விற்றதற்குத்தான் 2025-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கு நோட்டீஸ் விட்டது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் பேசும் கருவிக்கு லைசன்ஸ் வேண்டாம். அதிலும் அரசு அங்கீகாரம் பெற்ற கருவியா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சமீபத்தில் அண்ணன் மகன் தன் கைக்கருவியோடு வந்திருந்தான். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே போகும் நேரம் பார்த்து மாடிக்குப் போனோம். 145.825-இல் வைத்தான். வெகுநேரம் ஒன்றும் இல்லை. "மலை மறைக்குது அத்தை" என்றான். திரிகூடமலை உச்சியைத் தாண்டி அது ஏறியதும் கரகரவென்று வந்தது பாருங்கள் ஒரு சத்தம், 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து! இந்த அலைகள் நேர்கோட்டில் போகும் என்று நாலு வரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மலையை வைத்துப் புரிந்தது அன்றைக்குத்தான்.

ரேடியோ எதுவானாலும் நம்ம ஊர்ச் சாரலில் பத்திரமாக வைத்திருங்கள். கதவே உப்பிக்கொள்கிற ஈரம் இது. பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். உபயோகிக்காதபோது செல்லைக் கழற்றிவிடுங்கள். அதைச் செய்யாமல்தான் என் பழைய டிரான்சிஸ்டரில் செல் கசிந்து ஸ்பிரிங்கே அரித்துப்போனது. லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வையுங்கள். ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடிப்பக்கம் விட்டுப்போகும்.

நானும் பரீட்சைக்குப் படிக்கிறேன். விதிமுறைப் பகுதி தலைகீழ்ப் பாடம், டிரான்சிஸ்டர் பாடம்தான் ஏற மாட்டேன் என்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படித்த பிள்ளைகள் யாராவது ஊரில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக்கொடுங்கள். 12 வயது ஆன பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே படிக்கலாம். காபி உண்டு.