ஆவணமற்று வளர்ந்த தலைமுறைக்கு நீதி வேண்டும்

ஓர் ஆவணத்தின் பெறுமதி என்னவென்பதை வவுனியா மக்களுக்கு எவரும் எடுத்துக்கூறத் தேவையில்லை. 1990களில் இந்நகரில் தங்குவதற்கும் இங்கிருந்து தெற்கு நோக்கிப் பயணிப்பதற்கும் ‘பாஸ்’ இன்றி முடியாதிருந்த காலத்தை எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து அந்நடைமுறை நீங்கியது. ஆயினும், பிறந்த நாள் முதல் உரிய ஆவணமின்றியே வளர்ந்து, இன்று தாமே பெற்றோராகிவிட்ட ஒரு தலைமுறை பாக்கு நீரிணையின் மறுகரையில் இருந்துகொண்டிருக்கின்றது. அத்தலைமுறையின் நிலை குறித்து இரு நாடுகளும் காட்டிவரும் அசிரத்தை கவலைக்குரியதாகும்.

1983 ஆம் ஆண்டு முதல் அலை அலையாகத் தமிழகம் சென்ற எமது மக்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலும், மேலும் 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முகாம்களுக்கு வெளியிலும் வாழ்ந்து வருகின்றனர். இவர்களுள் பெருந்தொகையினர் அங்கேயே பிறந்தவர்கள். தலைமன்னாரையோ செட்டிகுளத்தையோ அவர்கள் கண்டதில்லை. தமிழகப் பாடசாலைகளிலே கற்றுப் பட்டம் பெற்றவர்களும் அவர்களுள் உளர். எனினும், பெற்றோர் கடவுச்சீட்டின்றிப் படகேறி வந்தனர் என்ற ஒரே காரணத்தால், இந்தியச் சட்டத்தின் பார்வையில் பிள்ளைகளும் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்ற வரையறைக்குள் தள்ளப்பட்டுள்ளனர்.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி 1987 ஜூலை முதலாம் திகதிக்கு முன்னர் அந்நாட்டில் பிறந்தவர் பிறப்பால் இந்தியராவார். அதன் பின்னர் பிறந்தவரின் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 ஆம் திகதி முதல், மற்றைய பெற்றோர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலும் ஆகாது. எனவே, ஒரே முகாமில் ஒரே தாய் பெற்ற பிள்ளைகளுள் மூத்தவளுக்கு ஒரு சட்டமும் இளையவனுக்கு வேறொரு சட்டமும் பொருந்துகின்ற விநோதம் நிலவுகின்றது. மூத்தவளுக்குங்கூட அவ்வுரிமை இலகுவில் கிட்டுவதில்லை. அவ்வாறு பிறந்த ஒருவர் 2022 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடியே இந்தியக் கடவுச்சீட்டுக்கு வழிகாண வேண்டியிருந்தது.

2019 ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவ்விடயத்தில் மேலும் ஒரு கதவை அடைத்தது. பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தவருக்கு மட்டுமே அச்சட்டம் சலுகை வழங்குகின்றது. நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. சமயங்களின் பட்டியலில் இஸ்லாம் இல்லை. தமிழ் பேசும் மக்கள் அனைவரும் இவ்விரு விடுபடல்களையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். துன்பத்தை அளவுகோலாகக் கொள்ளாது, வந்த நாட்டையும் வணங்கும் முறையையும் அளவுகோலாகக் கொண்டால் எவர் வெளியே நிறுத்தப்படுவர் என்பதற்கு அச்சட்டமே சான்று.

2025 செப்டெம்பரில் புதுடில்லி பிறப்பித்த கட்டளையொன்று, 2015 ஜனவரி 9 ஆம் திகதி வரை தஞ்சம் புகுந்து பதிவுசெய்யப்பட்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இன்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கியுள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், தண்டனையிலிருந்து விலக்கு என்பது வேறு, உரிமை என்பது வேறு. குற்றவாளியல்ல என்று கூறப்பட்டவர் இன்னமும் குடிமகனாகிவிடவில்லை.

இந்தியாவை மட்டும் நோக்கி விரல் நீட்டுவது நேர்மையாகாது. 2025 மே மாதத்தில் தமிழகத்திலிருந்து நாடு திரும்பிய முதியவரான அகதியொருவர் பலாலி விமான நிலையத்தில் வைத்துக் கைது செய்யப்பட்டார். முன்னர் முறைப்படியன்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதே குற்றம். 1948 ஆம் ஆண்டின் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், உயிர்தப்பப் படகேறியவரையும் கள்ளத்தனமாகக் கரை கடந்தவரையும் ஒரே தராசிலேயே நிறுக்கின்றது. குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓடியவர் எந்தத் துறைமுகத்தில் முத்திரை பெற்றிருக்க முடியும்? திரும்பி வாருங்கள் என அழைத்துவிட்டு வாசலில் விலங்குடன் நிற்பது எவ்வகையிலும் நியாயமாகாது.

இத்துயரின் வேர் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றது. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அச்சட்டமும், அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமும் தோட்டத் தொழிலாளரை மட்டுமன்றி, இந்திய வம்சாவளி முஸ்லிம் வர்த்தகக் குடும்பங்களையும் பத்திரம் தேடி அலைய வைத்தன. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மனிதரைத் தலைக்கணக்கில் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

1977 ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை அடுத்து மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் பலவும் இந்த ஆவணமின்மையையும் சுமந்தே வந்தன. வவுனியாவை மையமாகக் கொண்டியங்கிய காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தியது. 1983 இல் அதன் தலைவர்கள் கைதாகினர். டாக்டர் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். குடியமர்ந்தோருள் பலர் பின்னர் போரினால் மீண்டும் பெயர்ந்து தமிழக முகாம்களை அடைந்தனர். பாட்டன் புறப்பட்ட மண்ணுக்கே பேரன் அகதியாகச் சென்றான். அம்மண்ணும் அவனை அடையாளங் காணவில்லை. வன்னியிலே தங்கியவர்களையும் நாம் எப்போதும் சமமாக நடத்தினோம் என்று கூறுவதற்கில்லை. காணி உறுதியிலும் கோயில் வாசலிலும் அவர்கள் வேற்றாராகக் கணிக்கப்பட்டமை எமது சமூகத்தின் மறைக்க முடியாத குறையாகும்.

அவ்வாறே, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகளும் இரண்டுங்கெட்டான் நிலையிலேயே வளர்ந்தனர். புத்தளத்தில் ‘அகதி’, முல்லைத்தீவில் ‘புதிதாக வந்தவர்’ என இரு பெயர்கள் அவர்களுக்கு. அவர்களின் வாக்காளர் பதிவுக்காக 2013 இல் விசேட சட்டமொன்றே தேவைப்பட்டது. அவர்கள் இந்நாட்டுப் பிரஜைகளே. ஆயினும் எந்த ஊரவர் என்பதை நிரூபிக்கும் சுமை அவர்கள் மீதே சுமத்தப்பட்டது. ஒரு சமூகத்தின் பத்திரத்துக்காகக் குரல்கொடுப்போர் மற்றைய சமூகத்தின் பத்திரத்தைக் கேள்விக்குட்படுத்துதல் தகாது.

பெற்றோர் எவ்வழி வந்தனர் என்பதற்காகப் பிள்ளையைத் தண்டிக்கலாமா என்ற வினா எமக்கு மட்டும் உரியதன்று. ஆவணமற்ற பிள்ளைகளுக்கு இலவசப் பாடசாலைக் கல்வியை மறுக்க முடியாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் 1982 இலேயே தீர்ப்பளித்தது. அங்கு சிறு வயதில் கொண்டுவரப்பட்டவர்களை நாடுகடத்தலிலிருந்து காக்கும் திட்டம் 2012 இல் வந்தது. அது நிர்வாகக் கட்டளையாக வந்தமையால் அடுத்தடுத்த ஆட்சிகளின் கீழ் ஆட்டங்கண்டது. நாடாளுமன்றச் சட்டமாகாத சலுகை நிலைப்பதில்லை என்பதே அதன் படிப்பினை.

சட்டம் செய்தால் எத்துணை விரைவில் காரியம் முடியும் என்பதற்கு எமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தொடர்ந்த விசேட நடவடிக்கையின்போது பத்து நாட்களுக்குள் ஏறத்தாழ 190,000 பேர் பிரஜாவுரிமை பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டுக்காலச் சிக்கல் நாட்கணக்கில் அவிழ்ந்தது. போரினால் இந்தியா சென்றவர்களுக்கும் அவ்வசதி 2009 இல் திருத்தங்கள் மூலம் விரிக்கப்பட்டது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பது இங்கு நிரூபணமாகியுள்ளது.

ஆகவே, போர்க்காலத்தில் வெளியேறியவர்களுக்குக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்திலிருந்து திட்டவட்டமான விலக்கு வழங்கப்படுதல் வேண்டும். சென்னையிலுள்ள பிரதி உயர் ஸ்தானிகராலயம் முகாம்களுக்கே சென்று பிறப்புகளைப் பதிவுசெய்தல் வேண்டும். திரும்பி வருவோருக்கு அடையாள அட்டையும், கல்விச் சான்றிதழ்களுக்கான அங்கீகாரமும், இருக்கக் காணியும் வவுனியா மாவட்டச் செயலகத்தின் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வழிசெய்தல் வேண்டும். அங்கேயே வாழ விரும்புவோருக்கு இந்தியா குடியுரிமை வழங்குதல் வேண்டும். திரும்புவதா தங்குவதா என்பதை அத்தலைமுறையே தீர்மானிக்கட்டும். எங்கும் உரியவரல்லர் என்ற மூன்றாவது நிலையை மட்டும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் முதுசமாக விட்டுவிடலாகாது என்பதை இரு அரசாங்கங்களுக்கும் வலியுறுத்திக் கூற விரும்புகின்றோம்.