அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு!

பதினோராம் வகுப்பு. வேதியியல் பீரியட். வாத்தியார் கரும்பலகையில் தண்ணீரின் வாய்பாட்டை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்கிறது.

"சார், தண்ணி ஹெச்2ஓ-ன்னு எப்படி சார் தெரியும்? ஏன் ஹெச்ஓ-வா இருக்கக் கூடாது?"

வகுப்பு சிரிக்கிறது. வாத்தியாரும் சேர்ந்து சிரிக்கிறார். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு."

பையன் உட்கார்ந்துவிடுகிறான். அதற்கப்புறம் அவன் வாய் திறப்பது அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான்.

பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. பள்ளி மாறும், கேள்வி மாறும், பதில் மட்டும் மாறாது. வேதியியலில் ஆரம்பக்காரர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் அசட்டுக் கேள்விகள், கெட்டிக்காரப் பிள்ளைகள் அதையெல்லாம் கேட்கமாட்டார்கள் என்று ஒரு எண்ணம் ஊறிப்போய்க் கிடக்கிறது. இதைவிடப் பெரிய அபத்தம் வேறு கிடையாது.

அன்று சிரித்தவர்கள் ஒரு சின்ன வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தப் பையன் கேட்ட கேள்வியைத் தீர்த்து முடிக்க ஐரோப்பாவின் பெரிய மூளைகளுக்கு ஐம்பது வருஷம் பிடித்தது.

அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டன் 1808-ல் வெளியிட்ட புத்தகத்தில் தண்ணீரை ஹெச்ஓ என்றுதான் வைத்தார். ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். வேறு சான்று இல்லாதபோது எளிமையானதையே எடுத்துக்கொள்வோம் என்பது அவர் வாதம். தண்ணீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. வாய்பாடு ஹெச்ஓ என்றால் ஆக்சிஜன் அணுவின் எடை 8. ஹெச்2ஓ என்றால் 16. எடை தெரிந்தால் வாய்பாடு தெரியும், வாய்பாடு தெரிந்தால் எடை தெரியும். இரண்டுமே தெரியாதே! கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதைதான்.

அதே காலத்தில் பிரான்சில் கே-லுசாக், 2 பங்கு கன அளவு ஹைட்ரஜனும் 1 பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் 2 பங்கு நீராவி வருகிறது என்று அளந்து காட்டினார். 1811-ல் இத்தாலியின் அவகாட்ரோ அதற்கு விளக்கம் கொடுத்தார். ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில், சம கன அளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும். அப்படியானால் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரிந்தால்தான் இரண்டு பங்கு நீராவிக்குக் காணும். ஆக, ஆக்சிஜன் ஓ2, தண்ணீர் ஹெச்2ஓ.

டால்டன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் எப்படி ஒட்டும் என்று கேட்டார். மற்றவர்களும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1856-ல் அவகாட்ரோ இறந்துபோனார். 1860-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் வேதியியலாளர்கள் கூடியபோதுதான் கன்னிசாரோ என்ற இன்னொரு இத்தாலியர் அந்த யோசனையைத் தூசு தட்டி எடுத்து, அணு எடைகளை ஒழுங்குபடுத்தும் வழியைக் காட்டினார். அந்தக் கூட்டத்தில் 26 வயது ரஷ்யர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். பெயர் மெண்டலீவ். ஒழுங்கான அணு எடைகள் கிடைத்த பிறகே 1869-ல் அவரால் தனிம வரிசை அட்டவணையைப் போட முடிந்தது.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் அந்த அட்டவணைக்குப் பின்னால் இருப்பது கடைசி பெஞ்சு பையனின் கேள்வி. அதற்குத்தான் "உட்காரு".

சரி, இது ஒரு கேள்விதானே என்பவர்களுக்காக இன்னும் சில.

சோடியத்துக்கு ஏன் 'என்ஏ'? பொட்டாசியத்துக்கு ஏன் 'கே'?

வழக்கமான பதில்: "லத்தீன் பேரு, மனப்பாடம் பண்ணு." பாதி உண்மை. ஹம்ப்ரி டேவி 1807-ல் மின்சாரம் செலுத்தி இரண்டு உலோகங்களையும் பிரித்தெடுத்து சோடியம், பொட்டாசியம் என்று பெயர் வைத்தார். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் நேட்ரியம், காலியம் என்றே சொல்கிறார்கள். குறியீடு நிலைத்தது அந்தப் பெயர்களிலிருந்து. அதனால் ஜெர்மன் பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் வரவே வராது. தமிழ்ப் பிள்ளைக்கு வரும், வந்தே தீர வேண்டும். இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய இந்தக் கதையைச் சொல்லாததால், 118 குறியீடுகளும் யாரோ வேண்டுமென்றே குழப்பி வைத்த மாதிரி தெரிகின்றன.

சோடியத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்க அவ்வளவு ஆசையா?

சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கிறது, குளோரின் வாங்கத் துடிக்கிறது, இருவரும் எட்டு எலக்ட்ரானோடு சந்தோஷமாக இருக்கிறார்கள். கைடுகளில் வரும் குடும்பக் கதை இது. உண்மையில் ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவழிக்க வேண்டும். அதைக் குளோரின் வாங்கிக்கொள்ளும்போது திரும்பிவருவது 349 கிலோஜூல்தான். கையை விட்டு 147 போகிறது! பிறகு எப்படி உப்பு உண்டாகிறது? எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் நெருங்கிப் படிகமாக அடுக்கும்போது கிட்டத்தட்ட 787 கிலோஜூல் வெளிவருகிறது. லாபம் அங்கேதான். "ஏன் சார் கொடுக்குது?" என்று கேட்ட பெண்ணுக்கு "எட்டு வேணும்ல" என்று சொன்னவர், கணக்கின் முக்கியமான வரியையே விழுங்கிவிட்டார்.

எட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

லூயிஸ் 1916-ல் எலக்ட்ரான் ஜோடிகளையும் எட்டின் கதையையும் எழுதினார். நல்ல தோராயம். ஆனால் போரான் ட்ரைபுளோரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். சல்பர் ஹெக்ஸாபுளோரைடில் கந்தகத்தைச் சுற்றி ஆறு பிணைப்புகள். எட்டு நிரம்பிய வாயுக்கள் எதனோடும் சேராது என்று புத்தகங்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தன. 1962-ல் கனடாவில் நீல் பார்ட்லெட் ஒரு பச்சைப்பிள்ளைக் கேள்வியைக் கேட்டார். பிளாட்டினம் ஹெக்ஸாபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. செனானிலிருந்து பிடுங்கவும் ஏறக்குறைய அதே ஆற்றல்தானே தேவை, ஏன் முடியாது? இரண்டையும் கலந்தார். திடப்பொருள் வந்தது. செனான் சேர்மம்! "எட்டு நிரம்பியாச்சு, வினைபுரியாது, எழுதிக்கோ" என்று சொல்லிச் சொல்லியே அதுவரை பலரையும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க விடாமல் செய்திருந்தார்கள்.

பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வருமா, போகுமா?

உயிரியல் பீரியடில் ஏடிபி-யின் பாஸ்பேட் பிணைப்பு உடைந்து ஆற்றல் வருகிறது என்கிறார்கள். அடுத்த பீரியடில், பிணைப்பை உடைக்க ஆற்றல் தர வேண்டும் என்கிறார்கள். குழம்பாத பிள்ளை இருந்தால் அது பாடத்தையே கவனிக்கவில்லை என்று அர்த்தம். பிணைப்பை உடைக்க எப்போதும் செலவுதான். வரவு, புதுப் பிணைப்பு உண்டாகும்போது. ஒரு மோல் ஹைட்ரஜனையும் அரை மோல் ஆக்சிஜனையும் உடைக்க 436 + 249 = 685 கிலோஜூல். இரண்டு ஓ-ஹெச் பிணைப்புகள் உண்டாகும்போது கிடைப்பது 926. மிச்சம் 241, அதுதான் சூடு. ஏடிபி கதையும் இதே வரவு-செலவுதான். நீரோடு சேர்ந்து புதிதாக உண்டாகும் பொருள்கள் கூடுதல் நிலைத்தன்மை கொண்டவை. வெளிவரும் ஆற்றல் அந்த வித்தியாசம்.

உப்பு கரைவது இயற்பியல் மாற்றமா, வேதி மாற்றமா?

"தண்ணீரை ஆவியாக்கினால் உப்பு திரும்பக் கிடைக்கும், அதனால் இயற்பியல் மாற்றம்." ஒரு மார்க். நல்லது. மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளையாகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். திரும்பக் கிடைப்பதால் இதுவும் இயற்பியல் மாற்றமா? அது வேதி மாற்றம் என்று அதே புத்தகம் சொல்லும். உப்பு கரையும்போது அயனிகளுக்கிடையே இருந்த ஈர்ப்பு விட்டுப்போகிறது, தண்ணீர் மூலக்கூறுகள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. இரண்டு பெட்டிகளில் எதில் போடுவது என்பது நிஜமாகவே தெளிவில்லாத விஷயம். எல்லைக்கோடு மனிதர்கள் போட்டது என்று சொல்லிவிட்டுப் போனால் வானம் இடிந்து விழாது.

இப்போது எதிர்வாதங்கள்.

"போர்ஷன் முடிக்கணும்." நியாயம்தான். ஒரு வகுப்பில் ஐம்பது அறுபது பேர், தலைக்கு மேல் பொதுத்தேர்வு, அதற்கு மேல் நீட். 2025 நீட்டில் 180 நிமிஷத்தில் 180 கேள்வி. ஒரு நிமிஷத்தில் விடை குறிக்க வேண்டியவனுக்குக் கார்ல்ஸ்ரூவே எதற்கு? ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தது எல்லாம் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டதும் காலை வாரிவிடுகிறது. அப்புறம் அதே பாடத்துக்கு ரிவிஷன், அதற்கு மேல் ஒரு டியூஷன். ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடித்து ஐம்பது மணி நேரத்தைச் செலவழிப்பது என்ன கணக்கு?

"எளிமைப்படுத்தாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" எளிமைப்படுத்தத்தான் வேண்டும். யாரும் பதினோராம் வகுப்பில் குவாண்டம் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லவில்லை. தோராயத்தைத் தோராயம் என்று சொல்லிக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. "எட்டு விதி பல இடத்தில் வேலை செய்யும், சில இடத்தில் செய்யாது" என்று சொல்ல ஒரு வரி போதும்.

"ஆசிரியருக்கே பதில் தெரியாவிட்டால்?" இங்கேதான் உண்மையான சிக்கல். அவரையும் ஒரு காலத்தில் யாரோ உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் மேல் மட்டும் பழி போடுவது சரியல்ல. "தெரியலப்பா, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லும் ஆசிரியரின் மதிப்பு ஒரு அங்குலம்கூடக் குறையாது. பிள்ளைகள் அப்படிப்பட்டவர்களைத்தான் கடைசிவரை மறப்பதில்லை.

கேட்பதெல்லாம் நல்ல கேள்வி என்றும் இல்லை. பீரியடை ஓட்டுவதற்காகவே கேட்கும் மகானுபாவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர்களுக்காக எல்லார் வாயையும் அடைப்பது, கொசுவுக்குப் பயந்து வீட்டுக்குச் சுவரே ஜன்னல் இல்லாமல் கட்டுவது போல.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் வகுப்பறையை விட்டு வெளியே வந்து பார்க்கலாம். 'கெமிக்கல் இல்லாதது' என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். தண்ணீரே கெமிக்கல்தானே என்று பன்னிரண்டு வருஷம் படித்தவர்கள்கூடக் கேட்பதில்லை. அதையாவது சிரித்துவிட்டு விடலாம். பிளீச்சிங் பவுடரின் வாய்பாட்டை மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கியவர்கள், பாத்ரூம் கழுவும்போது அதையும் அமிலம் கலந்த டாய்லெட் கிளீனரையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். வெளிவருவது குளோரின். நுரையீரலைப் பதம் பார்க்கும் விஷவாயு. "இதையும் அதையும் கலந்தா என்ன ஆகும்?" என்பதுதான் வேதியியலில் ஆரம்பக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி. அதைக் கேட்கும் பழக்கத்தைப் பள்ளிக்கூடமே பிடுங்கிவிட்டால், கதவு சாத்திய பாத்ரூமில் அதை யார் ஞாபகப்படுத்துவது?

செய்ய வேண்டியது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை பீரியடின் கடைசிப் பத்து நிமிஷம் கேள்விக்கு. வினாத்தாளில் 'இது எப்படித் தெரியும்?' என்று ஒரே ஒரு கேள்வி. அது வந்துவிட்டால் கைடு போடுகிறவர்களே அவகாட்ரோ கதையை அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள்!

அதுவரை ஒன்று செய்யலாம். அடுத்த முறை பக்கத்து பெஞ்சில் ஒரு கை உயரும்போது சிரிக்காமல் இருக்கலாம். வாத்தியார் "உட்காரு" என்றால், இரண்டாவதாக ஒரு கை உயர்ந்து "சார், எனக்கும் அதே டவுட்டு" என்று சொல்லலாம். ஒருத்தனை உட்கார வைப்பது சுலபம். பத்துப் பேர் எழுந்து நின்றால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.