மாமாவிடம் லெட்டர்ஹெட் இல்லை

"அப்பா, உனக்குத் தெரிஞ்ச கம்பெனி ஏதாவது இருக்காப்பா?"

மகள் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. கோடை விடுமுறையில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கல்லூரி ஒரு கடிதம் தரும். இடத்தை மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டும். 'தேடிக்கொள்வது' என்றால் என்னவென்று அவள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பாவிடம் கேட்பது.

போனில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கட்டுமானத் தொழிலில் எனக்குத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மைத்துனர் இருபத்தைந்து வருடமாகக் கம்பி கட்டுகிறார். சித்தப்பா மகன் கொத்தனார். அத்தை சித்தாள் வேலை செய்தே முதுகு வளைந்தவர். ஓஎம்ஆரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்த காலத்தில், அவற்றின் அஸ்திவாரக் குழிகளில் எங்கள் சேரிப் பிள்ளைகள் நின்றார்கள். மைத்துனரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பாப்பாவ அனுப்பிவிடுங்க மாமா, காலம், பீம், ஸ்லாப் எல்லாத்தையும் நான் காட்டறேன்" என்றார். காட்டுவார், சந்தேகமில்லை. வரைபடத்தில் விட்டுப்போன கம்பியை அவர் சுட்டிக்காட்டி, சைட் இன்ஜினியர் திருத்திக்கொண்ட கதைகள் உண்டு. ஆனால் சான்றிதழுக்கு லெட்டர்ஹெட் வேண்டும், முத்திரை வேண்டும். மாமாவிடம் இருப்பது கம்பி முறுக்கும் கொக்கி.

அதே வகுப்பில் ஒரு பையனுக்கு ஒரே நாளில் இடம் கிடைத்தது. அவன் அப்பாவும் அந்த நிறுவனத்தின் பொது மேலாளரும் ஒரே குடியிருப்பில் காலை நடை போகிறவர்கள். பையன் நல்லவன்தான். தனக்கு ஏதோ சலுகை கிடைத்ததாக அவனுக்குத் தோன்றியே இருக்காது. அதுதான் விஷயம். என் சாதிச் சான்றிதழில் வட்டாட்சியர் கையெழுத்து இருக்கிறது. கல்லூரியிலும் வேலையிலும் 'கோட்டாவில் வந்தவன்' என்று முப்பது வருடம் கேட்டுவிட்டேன். அந்தக் காலை நடைப் பேச்சுக்கு எந்த ஆவணமும் இல்லை. அடுத்த வருடம் அது பையனின் ரெஸ்யூமில் 'அனுபவம்' என்று ஏறும். அதற்கடுத்த வருடம் 'திறமை' ஆகிவிடும்.

யாருக்கு யாரைத் தெரியும் என்பது தற்செயல் அல்ல. எந்தத் தெருவில் வீடு கிடைக்கிறது, யார் வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், யாருக்குப் பெண் கொடுக்கிறோம் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ஒருவரின் போனில் இருக்கும் எண்கள். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916இல் எழுதினார். அந்தச் சுவர் சம்பந்தத்தை மட்டுமா தடுக்கிறது? தொடர்புகளையும்தான்.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரியான தகுதிகளோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இது விளம்பரம் வந்த வேலைகளின் நிலை. விளம்பரமே இல்லாத, அப்பாக்களின் போனுக்குள் பிறந்து அங்கேயே நிரம்பிவிடும் இடங்களை எந்த ஆய்வாளர் எப்படி அளப்பார்?

தமிழ்நாட்டில் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டி எறிந்தவர்கள் நாம். அதனால் இங்கே கேள்வி வேறு வடிவில் வரும். மகள் நேரில் போய்க் கேட்ட ஒரு நிறுவனத்தில், "எந்த ஊரும்மா? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு?" என்று விசாரித்தார்கள். மதிப்பெண்ணைக் கேட்கவே இல்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஐடிஐ முடித்த பையன் ஃபிட்டர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அவனுக்குப் பொருந்தும். உதவித்தொகை கட்டாயம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கும் பின்னர் சேர்க்கப்பட்டது. நடைமுறையில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை. அதே ஆலைக்குள் ஒரு கல்லூரி மாணவியை 'இன்டர்ன்' என்று சேர்த்துக்கொண்டால் ஒதுக்கீடும் கட்டாயமில்லை, காசும் கட்டாயமில்லை. வெளியூர்ப் பிள்ளை என்றால் விடுதி வாடகையும் சாப்பாடும் அதன் தலையில். இலவசமாக உழைக்க வசதி வேண்டும், தோழர்களே.

கடைசியில் நானும் போன் செய்தேன். ஆதிதிராவிடர் நல விடுதியில் எனக்கு மூத்தவர், ஒரே தட்டில் சாப்பிட்டவர், இப்போது அரசுத் துறையில் பொறியாளர். ஒப்பந்ததாரர் ஒருவரிடம் பேசினார். அதிகாரி சொன்னால் ஒப்பந்ததாரர் எப்படி மறுப்பார்? அந்த உறுத்தல் இன்னும் எனக்கு இருக்கிறது. 'ஊரைக் குறை சொல்லிவிட்டு நீயும் சிபாரிசு பிடித்தாயே' என்று நீங்கள் கேட்டால், ஆமாம், பிடித்தேன். கொள்கைக்காக மகளை நான்கு வாரம் வீட்டில் உட்கார வைக்கும் வசதி எனக்கில்லை. நம் விடுதிகளில் உருவான பழக்கத்தைப் பயன்படுத்த நம் பிள்ளைகள் வெட்கப்படத் தேவையுமில்லை. ஆனால் நாம் இரண்டு தலைமுறையாகத்தான் சேர்க்கிறோம், அவர்கள் இருபது தலைமுறையாகச் சேர்த்தவர்கள். இந்தப் போட்டியில் போனுக்குப் போன் வைத்து ஒருநாளும் சமன் செய்ய முடியாது.

விடுதி அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். "ஒன் பொண்ணு மட்டும்னா பேச மாட்டேன். யாரும் இல்லாத புள்ள ஒன்னையும் சேர்த்து அனுப்பு." திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு தோழியையும் மகள் அழைத்துப் போனாள். வகுப்பில் வேறு சிலர் ஏதோ பயிற்சி மையத்தில் மூவாயிரம் ரூபாய் கட்டிச் சான்றிதழ் வாங்கினார்கள்.

ஜூலையில் கல்லூரி திறந்ததும் இரண்டு பெண்களும் துறைத்தலைவரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாணவரும் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார், யார் மூலம் இடம் கிடைத்தது, பணம் கிடைத்ததா, கட்டினாரா என்ற பட்டியலைத் துறைப் பலகையில் ஒட்ட வேண்டும். அடுத்த ஆண்டு முதல் நிறுவனங்களிடம் இடங்களைத் துறையே கேட்டு வாங்கி எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். "இதெல்லாம் அவங்கவங்க பர்சனல் விஷயம்மா, மனுவை வாபஸ் வாங்கிக்கங்க" என்றாராம் அவர்.

அவர்கள் இன்னும் வாங்கவில்லை. இந்த வாரம் கையெழுத்து முப்பத்தொன்று ஆகியிருக்கிறது. காலை நடை அப்பாவின் பையனும் போட்டிருக்கிறான்.